பிளாஸ்டிக்னா ஃபீடைக் குறைக்கணும்னு சொல்லிக் கொடுக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல தொழில் கத்துக்கிற பசங்களுக்காக வர்ற பக்கத்தை விடாம படிக்கிறவன் நான். மெஷின் ஷாப் வேலையைப் பத்தி தமிழ்ல எழுதுறவங்களே ரொம்பக் கம்மி, அந்த வகையில உங்க மேல பெரிய மரியாதை உண்டு. ஆனா போன வாரம் பிளாஸ்டிக் மெஷினிங் பத்தி வந்த கட்டுரைல, பிளாஸ்டிக் சாஃப்டான மெட்டீரியல்தானே, அதனால ஸ்பிண்டிலை (மெஷின்ல சுத்துற தண்டு) எவ்வளவு வேகமா ஓட்ட முடியுமோ ஓட்டுங்க, ஃபீடை (டூல் மெட்டீரியலுக்குள்ள முன்னேறுற வேகம்) மட்டும் நல்லா குறைச்சுக்கோங்க, ஃபினிஷ் அருமையா வரும்னு போட்டிருந்தீங்க. இதுல முதல் பாதி அரைகுறை உண்மை, ரெண்டாவது பாதி சுத்தமா தப்பு. இதை நம்பி ஒரு பையன் நாளைக்கு மெஷின் முன்னாடி நின்னான்னா அவன் பிளாஸ்டிக்கை வெட்ட மாட்டான், உருக்குவான். அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், இடம் இருந்தா வெட்டாம போடுங்க.

பிளாஸ்டிக்ல எல்லாப் பிரச்சினையும் சூட்டுல இருந்துதான் ஆரம்பிக்குது. ஸ்டீலோ அலுமினியமோ வெட்டும்போது வர்ற சூட்டுல ஒரு பங்கை ஜாப்பே (வெட்டப்படுற துண்டு) உள்வாங்கி பரப்பிடும், ஏன்னா உலோகம் சூட்டை நல்லா கடத்தும். சாதா ஸ்டீலோட வெப்பக் கடத்துதிறன் மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 50 வாட் அளவுல இருக்கும், அலுமினியத்துக்கு 200-க்கு மேல. நைலான், அசிடால், அக்ரிலிக் மாதிரி பிளாஸ்டிக்குக்கெல்லாம் 0.2-ல இருந்து 0.4-க்குள்ளதான். அதாவது ஸ்டீலை விட நூறு மடங்குக்கும் மேல கம்மி. வெட்டுற இடத்துல பிறந்த சூடு ஜாப்புக்குள்ள போக வழியில்லாம அங்கேயே தேங்கி நிக்குது, அப்போ அது வெளிய போக ஒரே நல்ல வழி சிப்தான் (வெட்டும்போது உதிர்ற சீவல்). சிப் கொஞ்சம் தடிமனா இருந்தா அது சூட்டைத் தூக்கிட்டு பறந்துடும், மெல்லிசா இருந்தா அந்தச் சூடு டூலோட வெட்டுற எட்ஜ்லயும் வெட்டின பரப்புலயும் தங்கிடும்.

இப்ப ஃபீடைக் குறைச்சா என்ன ஆகுதுன்னு பாருங்க. ஃபீடைக் குறைச்சா ஒவ்வொரு பல்லும் எடுக்குற சிப்போட தடிமன் குறையும், ஒரு அளவுக்குக் கீழ போச்சுன்னா எட்ஜ் பிளாஸ்டிக்குக்குள்ள இறங்கவே இறங்காது, மேல தேய்ச்சுக்கிட்டே போகும். உள்ளங்கை ரெண்டையும் வச்சு பரபரன்னு தேய்ச்சா சூடேறுற கதைதான். வெட்டும் இல்ல, சிப்பும் இல்ல, வெறும் உராய்வு, அந்தச் சூட்டைத் தூக்கிட்டுப் போகவும் ஆள் இல்ல. கூடவே ஆர்பிஎம்மும் (நிமிஷத்துக்கு எத்தனை சுத்து) ஏத்தி வச்சிருந்தா ஒரே இடத்தை அதிகத் தடவை தேய்க்குது. உங்க கட்டுரை சொன்ன செட்டிங் சரியா இதுதான்.

எங்க ஷாப்ல புதுசா சேர்ந்த பையன் ஒருத்தன் அக்ரிலிக் ஷீட்ல ஸ்லாட் போட்டுக்கிட்டு இருந்தான், ப்ரோக்ராம்ல ஃபீட் சரியாத்தான் இருந்துச்சு, ஆனா டூல் உள்ள இறங்கினதும் வந்த சத்தத்துல பயந்துபோய் ஃபீட் ஓவர்ரைடு நாபை (ஓடும்போதே ஃபீடைக் கூட்டிக் குறைக்கிற திருகு) அப்படியே கீழ திருப்பிட்டான். அதுவரைக்கும் காய்ஞ்ச செதில் செதிலா பறந்துக்கிட்டு இருந்த சிப் முதல்ல நூலாச்சு, அப்புறம் அந்த நூல் டூல்லயே சுத்திக்கிச்சு, கொஞ்ச நேரத்துல ஃப்ளூட் (டூல்ல சிப் வெளிய வர்ற பள்ளம்) முழுக்க உருகின அக்ரிலிக் அடைச்சு, எண்ட்மில்ங்கற அந்த டூல் ஒரு உருண்டைக் கம்பியா மாறிடுச்சு. அது வெட்டல, ஸ்லாட்டை உழுதுக்கிட்டு போச்சு, ரெண்டு ஓரத்துலயும் உருகின பிசிறு மேடு கட்டி நின்னுச்சு, வாசனை வேற மூக்கைத் துளைச்சுது. டூலை மாத்திட்டு, பழைய ஃபீடையே வச்சு, நாபைத் தொடக்கூடாதுன்னு சொல்லி ஓட்டினோம், ஓரம் சுத்தமா வந்துச்சு. பையன் மேல தப்பு சொல்ல மாட்டேன், பயமா இருந்தா ஃபீடைக் குறைன்னு உலோகத்துல சொல்லிக் கொடுத்ததை அவன் இங்கயும் செஞ்சான். பிளாஸ்டிக்ல பயமா இருந்தா முதல்ல ஆர்பிஎம்மைக் குறைக்கணும், ஃபீடை இல்ல. உங்க பக்கத்துல பெரிய எழுத்துல போட வேண்டியது இதுதான்.

சரி, நம்பருக்கு வருவோம், நம்பர் இல்லாம பேசினா பசங்களுக்குப் பிரயோஜனம் இல்ல. ஆர்பிஎம் எவ்வளவுன்னு நேரா கேக்கக்கூடாது, எட்ஜ் நிமிஷத்துக்கு எத்தனை மீட்டர் ஓடணும்னுதான் கேக்கணும், ஏன்னா அதே ஆர்பிஎம்ல 3 மி.மீ. டூலும் 20 மி.மீ. டூலும் ஓடுற வேகம் வேற வேற. அந்த மீட்டரை 1000-ஆல பெருக்கி, டூல் விட்டத்தை 3.14-ஆல பெருக்கினா வர்ற எண்ணால வகுத்தா ஆர்பிஎம் கிடைச்சுடும், லேத்தா இருந்தா (அதுல டூல் இல்ல, ஜாப்தான் சுத்தும்) டூலுக்குப் பதிலா ஜாப்போட விட்டம். அசிடால், நைலான் மாதிரி மெட்டீரியலை கார்பைடு எண்ட்மில்ல மில்லிங் பண்ண நிமிஷத்துக்கு 200 மீட்டர்னு ஆரம்பிச்சா பெரும்பாலும் தப்பாகாது. 10 மி.மீ. டூலுக்கு அது 6400 ஆர்பிஎம் கிட்ட வரும், 20 மி.மீ. டூலுக்கு 3200. ஒரு பல்லுக்கு 0.15 மி.மீ. சிப் வேணும்னு வச்சுக்குவோம். ஒத்தை ஃப்ளூட் டூலா இருந்தா 6400-ஐ 0.15-ஆல பெருக்கினா நிமிஷத்துக்கு 960 மி.மீ. ஃபீட், ரெண்டு ஃப்ளூட்னா 1920. உலோகம் மட்டுமே ஓட்டிப் பழகினவங்களுக்கு இந்த ஃபீடைப் பார்த்தாலே கை நடுங்கும், ஆனா இதுதான் சரி.

இதே 6400 ஆர்பிஎம்ல நாலு ஃப்ளூட் எண்ட்மில்லைப் போட்டு, ஃபீட் 300 போதும்னு விட்டா ஒரு பல்லுக்கு என்ன வருதுன்னு கணக்குப் போட்டுப் பாருங்க, 0.012 மி.மீ. கிட்டதான். கொஞ்சம் ஓடித் தேய்ஞ்ச டூலோட எட்ஜ் மழுங்கலே அந்த அளவுக்கு இருக்கும், அது எப்படி வெட்டும்? ஆனா எத்தனையோ ஷாப்ல ஸ்டீலுக்கு வாங்கின நாலு ஃப்ளூட் டூல் சும்மா கிடக்குதேன்னு அதையே பிளாஸ்டிக்குக்கும் போடுறாங்க. நாலு ஃப்ளூட்ல பல்லுக்கு நடுவுல இடம் குறைச்சல், பிளாஸ்டிக் சிப்போ பொதபொதன்னு இடத்தை அடைக்கும், வெளிய போக முடியாம உள்ளயே திரும்பத் திரும்ப அடிபட்டு உருகும். முடிஞ்சவரைக்கும் ஒத்தை ஃப்ளூட், இல்லாட்டி ரெண்டு ஃப்ளூட், ஃப்ளூட் உள்பக்கம் பாலிஷ் பண்ணது, கோட்டிங் இல்லாதது. கோட்டிங் போட்டா எட்ஜோட கூர்மை ஒரு பொடி மழுங்கும், ஸ்டீலுக்கு அது பரவால்ல, பிளாஸ்டிக்குக்கு எட்ஜ் பிளேடு கணக்கா இருக்கணும். முக்கியமா ஸ்டீல்ல ஓடின டூலை அப்புறம் பிளாஸ்டிக்குக்குப் போடவே கூடாது, பிளாஸ்டிக்குக்குன்னு தனி டப்பா வச்சுக்கிறதுதான் நல்லது.

லேத்ல கணக்கு இதை விட சுலபம். 50 மி.மீ. அசிடால் ராடை 200 மீட்டர்ல ஓட்டினா 1270 ஆர்பிஎம் வரும், ரஃபிங்குக்கு (முதல்ல மொத்தமா வெட்டி எடுக்கிறதுக்கு) ஒரு சுத்துக்கு 0.2 மி.மீ. இல்ல அதுக்கும் கொஞ்சம் மேல, ஃபினிஷிங்குக்கு 0.1 பக்கம். ஃபினிஷிங்னு சொல்லி 0.02-க்கு இறக்காதீங்க, பளபளப்புக்குப் பதிலா மங்கலான மேற்பரப்புதான் கிடைக்கும். லேத்ல நைலானும் பாலிஎத்திலினும் தர்ற இன்னொரு தலைவலி, சிப் உடையாது, நீள நீளமா வந்து ஜாப்பையும் அதைப் பிடிச்சிருக்குற சக்கையும் சுத்திக்கும், அதைக் கையால இழுக்கவே கூடாது, மெஷினை நிறுத்திட்டு கொக்கியால எடுக்கணும். ஃபீடை ஏத்தினா, டெப்த்தையும் கொஞ்சம் கூட்டினா சிப் தடிச்சு தானா விலகிப் போற வாய்ப்பு அதிகம், காத்தை அடிச்சு வெளிய தள்ளிவிட்டா இன்னும் நல்லது. அசிடால் இந்த விஷயத்துல தங்கமான மெட்டீரியல், கத்துக்கிற பையனுக்கு முதல்ல அசிடாலைத்தான் கொடுக்கணும்னு நான் சொல்லுவேன்.

ட்ரில்லிங்தான் ரொம்ப மோசமான இடம். மில்லிங்ல டூல் வெளிய காத்துல சுத்தும், ட்ரில் ஓட்டைக்குள்ள மாட்டிக்கிட்டு நாலாபக்கமும் உரசும், சிப்பும் ஃப்ளூட் வழியா மேல ஏறி வரணும். அதனால மில்லிங்ல 200 மீட்டர் வச்சா ட்ரில்லுக்கு 40 மீட்டர் பக்கம் வைக்கணும், 8 மி.மீ. ட்ரில்லுக்கு 1600 ஆர்பிஎம், ஃபீட் சுத்துக்கு 0.15-ல இருந்து 0.2. அடிக்கடி வெளிய எடுத்து சிப்பைக் கழிக்கணும், ஆனா அப்படி எடுத்துட்டு திரும்ப இறங்கும்போது அடியில நின்னு சும்மா சுத்த விடக்கூடாது, அந்த ஒரு நொடி போதும் அடிப்பக்கம் உருகுறதுக்கு. அக்ரிலிக், பாலிகார்பனேட்ல இன்னொரு சிக்கல் இருக்கு. சாதா 118 டிகிரி ட்ரில் அடிப்பக்கமா வெளிய வர்ற நேரத்துல ஜாப்பைக் கவ்வி இழுக்கும், ஓரத்துல இருந்து விரிசல் ஓடும். அதனால முனையை 60-ல இருந்து 90 டிகிரிக்குள்ள கூர்மையாக்கி, எட்ஜோட ரேக்கை (வெட்டுற முகத்தோட சாய்வு) ஒரு சின்னக் கல்லால பூஜ்யமாக்கி, அடியில ஒரு மரப்பலகையோ வேஸ்ட் ஷீட்டோ வச்சு, கடைசி ஒன்னு ரெண்டு மி.மீ.ல மட்டும் மெதுவா இறக்கணும். ஃபீடைக் குறைங்கன்னு நான் சொல்ற ஒரே இடம் இதுதான்.

கூலன்ட் பத்தி உங்க கட்டுரைல ஒரு வரி கூட இல்ல, இருந்திருக்கணும். பெரும்பாலான பிளாஸ்டிக்குக்கு வெறும் கம்ப்ரெஸ்டு ஏர் போதும், அது சிப்பையும் தள்ளும், சூட்டையும் தணிக்கும், ஜாப்பையும் அழுக்காக்காது. அக்ரிலிக், பாலிகார்பனேட் மாதிரி படிக அமைப்பு இல்லாத பிளாஸ்டிக்ல, ஷாப்ல ஸ்டீலுக்கு ஊத்துற எண்ணெயையோ சோப்புத் தண்ணி கூலன்டையோ யோசிக்காம ஊத்தக்கூடாது, அதுல இருக்குற சில கெமிக்கல் உள்ள இருக்குற இறுக்கத்தோட சேர்ந்து மயிரிழை விரிசலை உண்டாக்கிடும். கொடுமை என்னன்னா அது அன்னைக்கே தெரியாது, ஜாப் பேக் பண்ணி அனுப்பின பிறகு கஸ்டமர் கையில போய் வெடிக்கும். அக்ரிலிக்கை ஆல்கஹால் போட்டுத் துடைக்கிறதும் இதே கதிதான். நைலானுக்கு வேற பிரச்சினை, அது தண்ணி குடிக்கும். நைலான் 6 தண்ணில ஊறி நிறைஞ்சா எடைல 9 சதவீதம் வரைக்கும் உள்ள எடுத்துக்கும், சைஸும் கூடவே மாறும், அதனால டைட்டான டாலரன்ஸ் (அளவுல விட்டுக்கொடுக்குற வித்தியாசம்) உள்ள நைலான் ஜாப்பைத் தண்ணி கூலன்ட்ல குளிப்பாட்டி எடுத்து உடனே அளந்தா அந்த அளவு நாளைக்கு நிக்காது.

அளவுன்னு சொன்னதும் இன்னொன்னு, ஸ்பீடும் ஃபீடும் சரியில்லன்னா ஃபினிஷ் மட்டும் கெடும்னு நினைக்காதீங்க, சைஸே கெடும். அசிடால் ஸ்டீலை விட ஒன்பது மடங்கு விரியும். 100 மி.மீ. அசிடால் ஜாப் 20 டிகிரி சூடேறினா 0.2 மி.மீ.க்கு மேல பெருசாகும், ஸ்டீல்னா 0.02 சொச்சம்தான். மெஷின்லயே வச்சு சூட்டோட மைக்ரோமீட்டர் போட்டு, சைஸ் கரெக்டா இருக்குன்னு கழட்டுவாங்க, மறுநாள் காலைல பார்த்தா வெளிவிட்டமும் கம்மி, உள்ள போட்ட போரும் (துளையும்) சின்னது, பேரிங் ஏறாது. உடனே மெஷின்ல பேக்லாஷ் (லூஸ் ஆட்டம்), ஆபரேட்டர் கவனிக்கலன்னு சண்டை நடக்கும். ஜாப் ஆறுற வரைக்கும் விட்டு அளக்கணும். பிளாஸ்டிக் சோதனைக்கு உலகம் முழுக்க வச்சிருக்குற சாதாரண வெப்பநிலை 23 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம். உலோக அளவுக்கு 20 டிகிரி, அதையே பிளாஸ்டிக்குக்கும் வச்சு டிராயிங் போடுறவங்க கொஞ்சம் யோசிக்கணும். பிடிஎஃப்இ அதாவது டெஃப்லான் இன்னும் மோசம், 19 டிகிரி பக்கத்துல அதோட படிக அமைப்பே மாறும், கன அளவு சுமார் 1 சதவீதம் மாறிடும், அதனால அறை வெப்பநிலை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆடுற இடத்துல அதை அளந்தா காலைல ஒரு சைஸ், மத்தியானம் ஒரு சைஸ்.

கிளாம்பிங்கையும் இதோட சேர்த்துத்தான் பார்க்கணும், ஏன்னா ஃபீட் ஏத்தணும்னா ஜாப் அசையாம இருக்கணும், அசையாம இருக்கணும்னு வைஸை முறுக்கினா பிளாஸ்டிக் நசுங்கும், நசுங்கின நிலைல பிளாட்டா வெட்டுவோம், கழட்டினதும் பழையபடி விரிஞ்சு வளைஞ்சு நிக்கும். வைஸ்ல சாஃப்ட் ஜா (மென்மையான தாடை) போட்டு பரந்த இடத்துல பிடிக்கணும், மெல்லிசான ஷீட்டுக்கு வாக்குவம் இல்ல ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப் போதும். நல்ல கூர்மையான டூல் போட்டா வெட்டு விசை ரொம்பக் குறையும், அப்போ லேசா பிடிச்சாலே ஃபீடைத் தாங்கும். ராடும் பிளேட்டும் தயாரிக்கும்போதே உள்ள இறுக்கம் தங்கியிருக்கும்கறதால ஒரு பக்கத்தை மட்டும் ஒரேயடியா எடுத்தா ஜாப் வாழைப்பட்டையா வளையும், ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா ரஃப் பண்ணி, ஒரு நாள் விட்டு, அப்புறம் ஃபினிஷ் எடுக்கணும்.

மெட்டீரியலுக்கு மெட்டீரியல் நம்பர் மாறும்கறதையும் கட்டுரைல சொல்லியிருக்கணும், எல்லாத்தையும் பிளாஸ்டிக்னு ஒரே பேர்ல போட்டிருந்தாங்க. பிவிசி 80 டிகிரி பக்கத்துலயே இளகிடும், அதிகமா சூடேறினா ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஆவி வரும், அது ஆபரேட்டர் நெஞ்சுக்கும் கெடுதல், மெஷின் ஸ்லைடுக்கும் துரு. அக்ரிலிக் 105 டிகிரி, அதுலயும் எக்ஸ்ட்ரூடு ஷீட்டை (பிதுக்கி எடுத்தது) விட காஸ்ட் ஷீட் (அச்சுல ஊத்தி வார்த்தது) ரொம்ப நல்லா வெட்டும். பாலிகார்பனேட் 150 டிகிரி கிட்ட. அசிடால் 165-ல இருந்து 175-க்குள்ள உருகும், பீக்-ங்கற பிளாஸ்டிக் 343-லதான் உருகும். இப்படி இளகுற சூடு வேறயா இருக்கும்போது எல்லாத்துக்கும் ஒரே ஆர்பிஎம் எப்படி வரும்? கண்ணாடி இழை கலந்த நைலான்னா கதையே வேற, அதுல உருகுறதுக்கு முன்னாடி டூல் தேய்ஞ்சுடும், எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூல் கொஞ்ச தூரத்துலயே மழுங்கும், கார்பைடு இல்லாட்டி வைரம் பதிச்ச டூல்தான், ஸ்பீடையும் பாதியாக்கணும், தூசிக்கு மாஸ்க்கும் உறிஞ்சி மெஷினும் கட்டாயம்.

அடுத்த தடவை இந்தப் பக்கத்துல ஒரு சின்ன டேபிள் போடுங்க, ஒவ்வொரு மெட்டீரியலுக்கும் நேரா நிமிஷத்துக்கு எத்தனை மீட்டர், ஒரு பல்லுக்கு எத்தனை மி.மீ. சிப்னு ரெண்டே நெடுவரிசை, ஆர்பிஎம்மே வேண்டாம், அதைப் பசங்க தன்கிட்ட இருக்குற டூலுக்குக் கணக்குப் போட்டு எடுத்துக்கட்டும். ஓட்டும்போது நம்பரை விட சிப்பைப் பார்க்கச் சொல்லுங்க. சிப் தனித்தனியா, காய்ஞ்சு, ஓரம் உருகாம விழுந்தா செட்டிங் சரி. தூளா வந்தா ஃபீடை ஏத்து, நூலாகி ஒட்டினா ஆர்பிஎம்மை இறக்கு, வெட்டின ஓரம் வெள்ளை பூத்தா டூல் மழுங்கிடுச்சுன்னு அர்த்தம், மாத்து.

இன்னொன்னு, இது ரொம்ப முக்கியம், அந்தக் கட்டுரைல படத்துல ஒருத்தர் மெஷின் பக்கத்துல சிகரெட்டோட நிக்கிற மாதிரி இருந்துச்சு. டெஃப்லான் பொடி சிகரெட்ல ஒட்டி எரிஞ்சு அந்தப் புகை உள்ள போனா சாயங்காலத்துக்குள்ள காய்ச்சலும் குளிரும் நடுக்கமுமா படுத்துடுவாங்க, இது ரொம்ப காலமா தெரிஞ்ச தொழில் நோய். அசிடால் சிப் தீப்பிடிச்சா ஜுவாலை கண்ணுக்கே சரியா தெரியாது, குவிஞ்சு கிடக்குற சிப்ல நெருப்பு ஓடுறது பக்கத்துல நிக்கிறவருக்குக் கூட புரியாது, வர்ற ஆவியில ஃபார்மால்டிஹைடு இருக்கும், கண்ணும் தொண்டையும் எரியும். தேய்ச்சுத் தேய்ச்சு சூடேத்துற செட்டிங்ல இந்த ஆபத்து இன்னும் கூடும். அந்தப் படத்தை தயவுசெய்து மாத்திடுங்க, சிப் ட்ரேவை தினமும் காலி பண்ணச் சொல்லி ஒரு வரியும் சேர்த்துடுங்க.

இப்படிக்கு,
பிளாஸ்டிக் மெஷினிங் வேலை பார்க்குற ஒரு வாசகர்